தங்கச்சி எந்த மாவட்டம்

ஹட்டன் பஜாரில் ஒரு கொமினிகேஷன் கடையில் நான் வேலை செய்கிறேன். பெயர்தான் கொமினிகேஷன். அங்கே நடப்பது போட்டோ கொப்பி, லெமினேட், பாஸ்போர்ட் படம், அப்புறம் அரசாங்கப் படிவங்களை ஒன்லைனில் நிரப்பிக் கொடுப்பது. உயர்தரப் பெறுபேறு வந்த நாளிலிருந்து பல்கலைக்கழக விண்ணப்பம் மூடும் நாள் வரைக்கும் கடைக்குள் கால் வைக்க இடமிருக்காது. பொகவந்தலாவைப் பக்கமிருந்துகூடப் பிள்ளைகள் தாய் தகப்பனோடு பஸ் ஏறி வருவார்கள். நாற்காலியில் சரியாக உட்காருவதற்கு முன்னாலேயே எல்லாரும் என்னிடம் கேட்பது ஒன்றைத்தான். சான்ஸ் இருக்கிறதா?

நான் அப்படியொன்றும் படித்துக் கிழித்தவள் இல்லை. கலைப்பிரிவில் உயர்தரம் எழுதினேன். அந்த வருடமே அப்பா போய்ச் சேர்ந்தார். அதோடு புத்தகத்தை மூடிவிட்டுக் கிடைத்த வேலைக்கெல்லாம் போனேன். ஆனால் இந்தக் கடையில் உட்கார்ந்து உட்கார்ந்து வெட்டுப்புள்ளிப் பட்டியல் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. பிள்ளை பெறுபேற்றில் வந்த இசட் ஸ்கோரைச் சொன்னால் போதும், எந்தப் பீடம், எந்தப் பல்கலைக்கழகம், கரையில் நிற்கிறதா, உள்ளே விழுமா என்று நான் சொல்லிவிடுவேன். நான் சொன்னது பெரும்பாலும் பலிக்கும். அதனால் கொஞ்சம் தலைக்கனமும் வந்துவிட்டது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நம் நாட்டில் பொறியியலுக்குப் போக மார்க் மட்டும் போதாது, மாவட்டமும் வேண்டும். இடங்களில் ஒரு பெரும் பங்கை மாவட்டவாரியாகப் பிரித்துவிடுவார்கள். கண்டிக்கு ஒரு வெட்டுப்புள்ளி, கொழும்புக்கு ஒன்று, எங்கள் நுவரெலியாவுக்கு ஒன்று. பள்ளிக்கூடங்களில் வசதி குறைந்த மாவட்டம் என்பதால் எங்கள் புள்ளி கொஞ்சம் இறங்கி வரும். இதை அநியாயம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு நான் கடை வாசலிலேயே சண்டை போட்டிருக்கிறேன். முதலாம் தவணையில் வந்த பௌதிகவியல் வாத்தியார் இரண்டாம் தவணையில் மாற்றல் வாங்கிக்கொண்டு போகிற பள்ளிக்கூடத்தில் ஒரு வருடம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து பேசுங்கள் என்பேன்.

ஒருமுறை கொழும்புப் பக்கமிருந்து ஒரு தகப்பன் வந்தார். மகனை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பெயருக்குச் சேர்க்க வேண்டும், ஹட்டனில் வாடகைக்கு இருப்பதுபோல ஒரு கடிதம் தயார் பண்ண வேண்டும், டைப் செய்து தருவீர்களா என்று நல்ல மரியாதையாகத்தான் கேட்டார். எதற்கு என்று எனக்குப் புரிந்துவிட்டது. வெளியூர்ப் பிள்ளை எங்கள் மாவட்டக் கணக்கில் நுழைந்து எங்கள் பிள்ளை ஒன்றின் இடத்தைத் தட்டிக்கொண்டு போவதற்கு. நான் பேசிய பேச்சில் அந்த மனிதர் குடையைக்கூட மறந்துவிட்டுப் போனார். அதை நான் ஒரு மாதம் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன்.

அந்த மாதிரிக் கடிதம் ஒன்றை என் கையாலேயே எழுதியவள் நான் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் தோட்டம் றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே இருக்கிறது. அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கிறாள். எனக்குப் பின்னால் எட்டு வருடம் கழித்துப் பிறந்தவள் தங்கச்சி. கணக்கு என்றால் அவளுக்கு உயிர். ஒன்பதாம் ஆண்டு முடித்தபோதே என்ஜினியர் ஆகப்போகிறேன் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். பாலம் கட்டுவாளாம். அப்பா இல்லாத வீட்டில் முடிவு எடுப்பவள் நான்தான். அம்மா விடியப் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, வேலை முடிந்து வந்து, நான் என்ன சொன்னேனோ அதற்குத் தலையை ஆட்டுவாள். இவளை இங்கே வைத்திருந்தால் வீணாகிவிடுவாள், கண்டிக்கு அனுப்ப வேண்டும் என்று நான் முடிவெடுத்தேன்.

கண்டியில் எங்கள் சித்தி இருக்கிறாள். சித்தப்பா ஒரு புடவைக் கடையில் நிற்கிறார், வாடகை வீடு. ஆனால் கண்டியில் நல்ல பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்க வேண்டுமென்றால் கண்டிக்காரியாக இருக்க வேண்டும். எல்லாரும் செய்வதுதானே என்று நாங்களும் செய்தோம். தங்கச்சி சின்ன வயதிலிருந்தே சித்தியின் பொறுப்பில் வளர்கிறாள், நிரந்தர முகவரி அதுதான் என்று கடிதம். சித்தி வீட்டு லைட் பில், அந்தப் பக்கத்துக் கிராம சேவகரின் ஒப்பம். படிவத்தில் "நிரந்தர வதிவிடம்" என்ற கோட்டின் மேல் அழகான கையெழுத்தில் கண்டி என்று எழுதியது நான். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று சித்தி பாராட்டினாள்.

இடம் கிடைத்தது. பத்தாம் ஆண்டுக்குக் கழுத்துப்பட்டியெல்லாம் கட்டிக்கொண்டு அவள் றொசல்லயில் ரயில் ஏறிய அன்று, அம்மா வேலைக்கே போகவில்லை. எங்கள் வரிசை வீடுகளில், லயத்தில், பாதிப் பேர் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார்கள்.

அவளோடு ஒன்றாகப் படித்த, எங்களுக்கு அடுத்த அறையில் இருக்கும் பக்கத்துக் காம்பராப் பிள்ளையும் வந்திருந்தாள். அவளும் கணக்கில் கெட்டிக்காரிதான். ஆனால் அவர்களுக்குக் கண்டியில் யாருமில்லை. ரயில் போன பிறகு அவள் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே நின்றதும், அவளுடைய தகப்பன் வா போகலாம் என்று இரண்டு தடவை கூப்பிட்டதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எனக்குப் பாவமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அப்போது நான் இந்தக் கடையில் இல்லை. அடுத்த வருடம்தான் சேர்ந்தேன். சேர்ந்து முதல் விண்ணப்பக் காலத்திலேயே, ஒரு பிள்ளையின் படிவத்தை நிரப்பும்போது, மாவட்டத்தை எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்பதை முதல் தடவையாக ஒழுங்காக வாசித்தேன். பிறந்த ஊர் இல்லை. தாய் தகப்பன் இருக்கும் ஊரும் இல்லை. பரீட்சைக்கு முந்திய ஐந்து வருடங்களில் அதிக காலம் எந்த மாவட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தாயோ, முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். பதினோராம் ஆண்டில் சாதாரண தரம் எழுதிவிட்டு உயர்தரத்துக்கு மட்டும் கண்டிக்குப் போயிருந்தால் தங்கச்சி நுவரெலியாப் பிள்ளையாகவே இருந்திருப்பாள். நான் அவசரப்பட்டு அதற்கும் முன்னாலேயே அனுப்பிவிட்டேன். பள்ளிக்கூடத்தை வைத்து முடியாவிட்டால் நிரந்தர வதிவிடத்தைக் காட்டலாமா என்று யோசித்தேன். அதிலும் என் அழகான கையெழுத்து கண்டி என்று நின்றது. நாங்கள் கண்டிக்காரர்கள் என்று ஒரு பொய் சொன்னோம், அரசாங்கம் அதை நம்பிவிட்டது.

அப்போதும் நேரம் இருந்தது. உடனே கூட்டிவந்து இங்கே சேர்த்திருந்தால் கணக்கு எங்கள் பக்கம் திரும்பியிருக்கும். ஆனால் இங்கே பௌதிகவியலுக்கு ஆள் இல்லை. அங்கே ஒன்றுக்கு இரண்டு பேர். அவள் மூளைக்குக் கண்டி வெட்டுப்புள்ளியையும் தாண்டிவிடுவாள் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். அவளிடம் சொன்னால் பயந்துவிடுவாள், படிப்பு கெடும். அம்மாவிடம் சொன்னால் தூங்க மாட்டாள். ஆகவே வாயை மூடிக்கொண்டேன். கடைக்கு வருகிற ஒவ்வொரு தாயிடமும், பிள்ளையை முன்னாலேயே வெளி மாவட்டத்துக்கு அனுப்பிவிடாதீர்கள், அவசரப்படாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். என் வீட்டில் மட்டும் சொல்லவில்லை.

தங்கச்சி மாதம் ஒரு முறை வீட்டுக்கு வருவாள். வரும்போது கண்டி வாத்தியார்மார் கொடுத்த குறிப்புகளையெல்லாம் கொண்டுவருவாள். என் கடைக்கு வந்து ஒரு தொகுதி கொப்பி எடுத்து, பக்கத்துக் காம்பராப் பிள்ளைக்குக் கொடுப்பாள். அந்தப் பிள்ளை இங்கேயே கணிதப் பிரிவில் படித்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் மொத்தமே ஒரு கை விரலுக்குள்தான் பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இரண்டு பேரும் இஸ்தோப்புத் திண்ணையில் தலையை ஒட்டி வைத்துக்கொண்டு, ஒருத்தி சொல்ல ஒருத்தி எழுதுவார்கள். விளங்காத இடத்தில் அந்தப் பிள்ளை கேள்விக்குறி போட்டு வைத்திருப்பாள். தங்கச்சி அடுத்த தடவை வாத்தியாரிடம் கேட்டு வந்து விளக்குவாள். ரயிலுக்கு நேரமாகிறது என்று நான்தான் கத்திக் கூப்பிட வேண்டியிருக்கும்.

பெறுபேறு வந்தது. இரண்டு பேருக்கும் நல்ல பெறுபேறுதான், அதில் தங்கச்சிக்குக் கொஞ்சம் கூடுதல். அவளுடைய ஸ்கோரைப் பார்த்ததும் என் மனம் தானாகக் கணக்குப் போட்டுவிட்டது. போன வருட நுவரெலியாப் புள்ளிக்குத் தாராளமாக உள்ளே. போன வருடக் கண்டிப் புள்ளிக்கு வெளியே.

அவளும் மற்றவர்களைப் போலவே வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சான்ஸ் இருக்காக்கா?"

"இருக்கு" என்றேன்.

ஊரார் பிள்ளைகளுக்கு முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லத் தெரிந்த எனக்கு, என் தங்கச்சியிடம் சொல்ல வாய் வரவில்லை. போன வருடம் மாதிரியே இந்த வருடமும் இருக்க வேண்டும் என்று இல்லையே, கண்டிப் புள்ளி இறங்கலாம் என்று எனக்குள் ஒரு சமாதானம். விண்ணப்பத்தில் படித்த பள்ளிக்கூடங்களையும் காலத்தையும் கேட்கும் பக்கம் வந்தபோது, வடை வாங்கி வா என்று அவளை வெளியே அனுப்பினேன். அவள் திரும்பி வருவதற்குள் அந்தப் பக்கத்தை முடித்துவிட்டேன். அதற்கு அடுத்த நாள் அதே நாற்காலியில் பக்கத்துக் காம்பராப் பிள்ளை உட்கார்ந்தாள். அவளிடம், கரையில் நிற்கிறாய், ரொம்ப நம்பிக்கை வைக்காதே என்றேன். அவளும் சரிங்கக்கா என்று தலையை ஆட்டினாள்.

அந்த மாதங்களில் அம்மா லயம் முழுக்க மகள் என்ஜினியர் என்று சொல்லிவிட்டாள். வேலை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயாகூட மலையில் வைத்து அம்மாவிடம் விசாரித்தாராம். ஒரு நாள் கடையின் பின்பக்கம் போய் நின்று, பல்கலைக்கழக அனுமதியைப் பார்க்கும் கொழும்பு அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். நான் திணறித் திணறிச் சிங்களத்தில் கேட்டதைப் போனை எடுத்த அம்மையார் பொறுமையாகவே கேட்டார். எங்கள் வீடு நுவரெலியா மாவட்டத்தில்தான், அம்மா இன்றைக்கும் அங்கே கொழுந்து எடுக்கிறாள், வேண்டுமானால் தோட்டத்திலிருந்து கடிதம் வாங்கி வருகிறேன் என்றேன். அவர் என்னை நங்கி, அதாவது தங்கச்சி, என்றுதான் கூப்பிட்டார். நங்கி, படித்தது கண்டியில், கொடுத்த முகவரியும் கண்டி, இனி நாங்கள் என்ன செய்வது என்றார். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அந்தக் குடையை மறந்துவிட்டுப் போன மனிதரின் கடிதத்தையும் இப்படியேதான் நம்பியிருப்பார்கள்.

வெட்டுப்புள்ளி வந்த அன்று நான் கடையில் தனியாகத்தான் இருந்தேன். பட்டியலைத் திறந்து கண்டி வரியைத்தான் முதலில் பார்த்தேன். இறங்கவில்லை. தசமத்துக்குப் பின்னால் உள்ள எண்களை விரலை வைத்து மூன்று தடவை பார்த்தேன். அப்புறம் நுவரெலியா வரியைப் பார்த்தேன். பக்கத்துக் காம்பராப் பிள்ளை உள்ளே இருந்தாள். தங்கச்சியைவிடக் குறைந்த ஸ்கோர், தங்கச்சியின் குறிப்பு, அதே லயம், ஒரே சுவர் இரண்டு காம்பராவுக்கும். எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை, சுத்தமான வயிற்றெரிச்சல். அந்தப் பிள்ளைக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. அவள்மீது எனக்கு எதற்கு எரிந்தது என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அன்று பின்னேரம் அவர்கள் வீட்டில் ஒரே கூட்டம். அவளுடைய அம்மா தட்டில் லட்டை வைத்துக்கொண்டு எங்கள் காம்பராவுக்குத்தான் முதலில் வந்தாள். வாசலில் நின்று உள்ளே வரத் தயங்கினாள். தங்கச்சிதான் எழுந்துபோய்த் தட்டை வாங்கினாள், ஒரு லட்டை எடுத்து வாயிலும் போட்டுக்கொண்டாள். பின்னாலேயே அந்தப் பிள்ளை வந்தாள். அழுது அழுது முகமெல்லாம் வீங்கியிருந்தது. தங்கச்சியைப் பார்த்ததும் மறுபடி அழ ஆரம்பித்துவிட்டாள்.

"நீ கண்டிக்குப் போனப்ப எனக்கும் போகணும்னு எங்கப்பாகிட்ட சாப்பிடாமக் கெடந்தேன்டி" என்றாள். "அவரால முடியல. அவர திட்டாத நாளில்ல."

தங்கச்சி அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு மணிநேரம் இருவரும் உள்ளே இருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

அந்தப் பிள்ளை போன பிறகு தங்கச்சி போனை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். பட்டியலைத் திறந்து வைத்திருந்தாள். இரண்டு வரிகளையும் அவள் பார்த்துவிட்டாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

"நம்ம லயம் எந்த மாவட்டம்க்கா?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் சொன்னேன். கடிதம், லைட் பில், கண்டி என்று எழுதியது, அடுத்த வருடமே விதியை வாசித்தது, வாசித்தும் சொல்லாமல் இருந்தது, சான்ஸ் இருக்கு என்று சொன்னது, வடை வாங்க அனுப்பியது. அம்மா அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான்தான் உன்னைக் கெடுத்தேன், அன்றைக்கே திரும்பக் கூட்டிவந்திருக்க வேண்டும் என்று சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. தங்கச்சி அழவில்லை.

"கூப்பிட்டிருந்தா நான் வந்திருப்பேன்னு நெனைக்கிறியா?" என்று கேட்டாள். "வந்திருக்க மாட்டேன். அந்த ஸ்கூல்ல பிஸிக்ஸ் படிச்சத எதுக்காகவும் விட்டுட்டு வந்திருக்க மாட்டேன். ஆனா அத நான் முடிவு பண்ணியிருக்கணும்க்கா. நீ இல்ல."

அவள் கத்தியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன், எனக்கு வாய் இருக்கிறது. அவள் சாதாரணமாகச் சொன்னாள். கடையில் எத்தனையோ பிள்ளைகளை உட்கார வைத்து, உனக்கு இதுதான் சரி என்று நான் வரிசை போட்டுக் கொடுத்திருக்கிறேன். அவர்களில் ஒருத்தரையாவது, உனக்கு எது வேண்டும் என்று முதலில் கேட்டேனா என்று யோசித்துப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் என்னோடு அவள் பேசவில்லை. கோபத்தில் என்று சொல்ல முடியாது. அவளுக்குப் பேச ஒன்றும் இருக்கவில்லை. பக்கத்துப் பிள்ளைக்குப் பதிவு செய்ய வேண்டிய பத்திரங்களை அவள்தான் கூடவே போய் எடுத்துக் கொடுத்தாள். விடுதிக்கு என்ன என்ன கொண்டுபோக வேண்டும் என்று சித்தி வீட்டில் இருந்த அனுபவத்தில் பட்டியல் போட்டுக் கொடுத்தாள். தங்கச்சிக்கும் ஓர் இடம் வந்திருந்தது. பௌதிக விஞ்ஞானம், தூரத்தில் ஒரு பல்கலைக்கழகம். நல்ல படிப்புத்தான். கடைக்கு வருகிறவர்களுக்கு அதே இடம் கிடைத்திருந்தால், உடனே போய்ப் பதிந்துகொள், கையில் கிடைத்ததை விடாதே என்று சொல்லியிருப்பேன். பதிவதற்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு நாக்கு நமநமவென்று இருந்தது. அம்மா என்னைப் பார்த்த ஒரு பார்வையில் அடக்கிக்கொண்டேன்.

ஒரு காலையில், கடையைத் திறந்து கொஞ்ச நேரத்தில், அவள் தனியாக வந்தாள். மழையில் நனைந்திருந்தாள். மேசைக்கு இந்தப் பக்கம் வந்து என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எந்திரிக்கா. நானே போட்டுக்கறேன்."

எழுந்தேன். எனக்குப் பழக்கமில்லாத பக்கத்தில், வாடிக்கையாளர் நிற்கும் இடத்தில் போய் நின்றேன். அங்கிருந்து திரை தெரியாது. அவளுடைய நெற்றியும் ஈரத் தலைமுடியும்தான் தெரிந்தன. அவள் நிதானமாகத் தட்டினாள், நிறுத்தி வாசித்தாள், மறுபடி தட்டினாள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பேனாக்களை நான் ஒழுங்குபடுத்தினேன். பிரிண்டர் ஓடியது. அவள் தாளை எடுத்து மடித்து, நனையாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் வைத்தாள்.

அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னாள். அந்த இடத்துக்குப் பதியப் போவதில்லை. பொறியியலுக்காகவே மறுபடியும் உயர்தரம் எழுதப் போகிறாள், தனிப்பட்ட பரீட்சார்த்தியாக, வீட்டிலிருந்து படித்து.

"கண்டிக் கணக்குத்தான்" என்றாள். "அதுக்கே எடுக்கறேன்."

ஒரு வருடம் படித்து அவள் இன்னும் எவ்வளவு ஏற வேண்டும், இதற்கு முன் அப்படி எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் இருந்ததையும் விட்டார்கள் என்று எல்லாம் எனக்குத் தெரியும். சான்ஸ் எவ்வளவு என்று என் தலைக்குள் கணக்கு ஓடி முடிந்து, விடையும் வந்துவிட்டது. பயமாக இருந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், நான் என்ன சொல்லப் போகிறேன் என்று.

தலையைத் துடைத்துக்கொள்ளத் துவாயை எடுத்துக் கொடுத்தேன்.